மீட்டர் கண்ணாடிக்குள் ஈரம்

கோதை,

இன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலை நம் பழைய காரில் நீ பல் டாக்டர் வேலைக்காகக் குன்னூருக்குக் கிளம்புகிறாய். உன்னை அங்கே குடிவைத்துவிட்டு நானும் அம்மாவும் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்புவதாக ஏற்பாடு. இந்தக் கடிதத்தைப் புதன்கிழமை சாயங்காலம் உன் கையில் கொடுக்க நினைத்திருக்கிறேன். வண்டியை எடுப்பதற்கு முன் படித்துவிடு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று கேட்பாய். நான் வாயைத் திறந்தால் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறேன், நீ கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்கிறாய். இருபத்தேழு வருடமாக நடக்கிற கதை. எழுதினால் நடுவில் நிறுத்தி யோசிக்க முடிகிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்மாவிடம் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும், பத்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டால்தான் கடிதத்தைக் கொடுப்பது என்று எனக்கு நானே நிபந்தனை போட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும் இந்த நிமிடம் வரை சொல்லவில்லை.

விஷயத்தை ஆரம்பத்திலேயே எழுதிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் தப்பித்துவிடுவேன். போன தை மாதம் சமயபுரம் போகும் வழியில் நம் கார் கொதித்து நடுரோட்டில் நின்றதே, அதற்குத் தான் வைத்த பூதான் காரணம் என்று உன் அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படி நம்ப ஆரம்பித்த பிறகு வந்த எந்த வெள்ளிக்கிழமையும் அவள் காருக்குப் பூ வைக்கவில்லை. சரத்தைத் தொடுத்து, பெருமாள் படத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வருவாள். காரைப் பார்ப்பாள். திரும்பிப் போய்விடுவாள். இதை நான் பத்து மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரணம் பூ இல்லை, நான். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது.

இந்தக் கார் நம் வீட்டுக்கு வந்தபோது நீ ஏழாம் வகுப்பு. தில்லை நகரில் ஒரு டாக்டர் பத்திரமாக வைத்திருந்த வண்டி. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, ஸ்கூட்டர் தவிர எதையும் ஓட்டியதில்லை. பயிற்சிப் பள்ளியில் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, முதல் தடவை தனியாக அம்மா மண்டபம் ரோட்டில் ஓட்டியபோது குறுக்கே ஒரு மாடு நின்றது. ஹாரன் அடித்தால் மிரண்டு எங்கே பாயுமோ என்று நான் காத்திருந்தேன். பின்னால் ஆட்டோக்கள் வரிசை கட்டிவிட்டன. நீ பின்சீட்டிலிருந்து, "அப்பா, அது நம்மள வேடிக்க பாக்குதுப்பா," என்றாய். அப்படி ஆரம்பித்தவன்தான் பிறகு தேர்ந்த ஓட்டுநராகிவிட்டேன், கூடவே கொஞ்சம் தலைக்கனமும் ஏறிக்கொண்டது. நம் சந்தில் யாருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டுமானாலும், யாருக்கு மூச்சு வாங்கினாலும், "சாரைக் கூப்பிடுங்க" என்பார்கள். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியதற்குக் கிடைக்காத மரியாதை அந்த ஸ்டியரிங்கைப் பிடித்ததற்குக் கிடைத்தது. அதை விட்டுவிட மனம் வரவில்லை என்பதுதான் இந்தக் கதையின் மூலம்.

மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படிய ஆரம்பித்தது மூன்று மழைக்காலத்துக்கு முன்னால். காலையில் வண்டியை எடுத்தால் வேக முள், பெட்ரோல் முள், சூடு காட்டும் முள் எல்லாம் பால் ஊற்றிய மாதிரி மங்கிக் கிடக்கும். கண்ணாடிக்கு வெளியே துடைத்தால் போகாது, படிந்திருப்பது உள்பக்கம். கால் மணி நேரம் ஓட்டினால் தானாகக் காய்ந்து தெளிந்துவிடும், மறுநாள் காலை மறுபடி வந்துவிடும். ஈரக் காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீராக மாறும் என்பதை நான் எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன், யோசித்துப் பார். ஐஸ் போட்ட டம்ளரை மேஜை மேல் வைத்து, வெளியே பூத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். "டம்ளர் ஒழுகுது சார்" என்று சொன்ன பையனைப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் என் சொந்தக் காரில் ஆவி படிந்ததும் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? மீட்டர் ஒழுகுகிறது என்று.

மீட்டர் பெட்டியைக் கழற்றினேன். அதன் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தது. ஆகா, திருடன் நுழைகிற வழி இதுதான் என்று சிலிக்கான் பசையை வைத்து அடைத்தேன். கண்ணாடி விளிம்பையும் சுற்றி அடைத்தேன். உள்ளே ஏற்கெனவே இருந்த ஈரத்துக்கு வெளியேற இருந்த ஒரே வழியை நானே மூடியிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முன்பு ஆவியாகப் படிந்தது இப்போது சொட்டாக இறங்க ஆரம்பித்தது. மறுபடி கழற்றி, கண்ணாடியைத் திறந்து, செல்போன் நனைந்தால் அரிசியில் போடுவார்களே என்று, சமையலறைக்குப் போய் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அம்மா மத்தியானச் சமையலுக்குப் படியை விட்டு அள்ளியபோது படி டணங்கென்று இடித்தது. "என்னங்க, அரிசிக்குள்ள காரு இருக்கு," என்றாள். அப்புறம் அரிசியை முகர்ந்து பார்த்து, "பெட்ரோல் வாசனை அடிக்குது. இதை யாரு திங்கறது? நீங்களே வடிச்சுத் தின்னுங்க," என்றாள். ஈரம் போகவில்லை. கூடுதலாக எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் அரிசித் தவிடு ஒட்டிக்கொண்டது.

இவையெல்லாம் சிரிக்கிற தப்புகள். இனி எழுதப்போவது அப்படிப்பட்டது இல்லை. அந்த முதல் மழைக்காலம் முடிந்து பங்குனி வெயில் வந்தது. வெயிலில் ஆவி எங்கே படியும்? ஆனாலும் எனக்கு முள் தெரியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் கண்ணாடிக்குள் ஒரு வெண்மை. வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், மாற்றினேன், சாய்ந்து பார்த்தேன். எதிரே வரும் லாரி தெரிந்தது, ரோடு தெரிந்தது, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற முள் தெரியவில்லை. அது ஆவி இல்லை, என் கண் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே புரிந்தது, கோதை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை. கண் டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே "வண்டி ஓட்டறீங்களா" என்பதாக இருக்கும் என்று பயந்தேன். ஓட்டாதீங்க என்று சொல்லிவிட்டால் சந்தில் நான் யார்? ஆகவே ஆவி எனக்கு வசதியாகப் போயிற்று. யாராவது முன்சீட்டில் உட்கார்ந்தால் நானே முந்திக்கொண்டு, "மீட்டர்ல ஆவி படிஞ்சிருக்கு, சரி பண்ணணும்" என்று சொல்லிவைப்பேன். இரண்டு வருடம் அப்படி ஓட்டினேன். எத்தனை பேரை ஏற்றியிருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

சமயபுரம் போன அன்று நீ இல்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை. பனி இருந்தது, மீட்டர் முழுக்க ஆவி. கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட் தாண்டி ஹைவேயில் ஏறினோம். அம்மா மடியில் தேங்காய், பழக் கூடை. கொஞ்ச தூரம் போனதும் அவள், "என்னங்க, இந்த ஓரத்து முள்ளு சிவப்புக்குப் போயிருக்கே," என்றாள்.

"அது ஆவி. அப்படித்தான் தெரியும்."

"ஆவியெல்லாம் டோல்கேட்டுக்கிட்டயே போயிருச்சு. இப்ப பளிச்சுன்னு தெரியுதுங்க. சிவப்புலதான் நிக்குது."

"பிசிக்ஸ் படிச்சது நானா, நீயா? பேசாம வா."

அவள் பேசாமல் வந்தாள். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் எல்லாம் எப்போதோ ஒழுகிப் போயிருந்தது. இரண்டு நிமிடத்தில் பானெட்டிலிருந்து வெண்புகை கிளம்பி முன்கண்ணாடியை மறைத்தது. பதறிப்போய் ஓரம் கட்டாமல் நட்டநடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ் பிரேக் கிறீச்சிட இடதுபக்கமாக ஒடித்துக்கொண்டு போயிற்று. அம்மா உட்கார்ந்திருந்த கதவுக்கும் அந்த பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்திருக்கும். வெளியே நீட்டியிருந்த பக்கக் கண்ணாடி பஸ்ஸில் பட்டு உடைந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாக அவள் மடியில் இருந்த கூடையில் விழுந்தது. அவள் கூடையிலிருந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

நீ தில்லை நகர் கிளினிக்கிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாய். ஞாயிற்றுக்கிழமையும் அரை நேரம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய் அப்போது. "என்னப்பா ஆச்சு?" என்றாய். "மீட்டர்ல ஆவி படிஞ்சு டெம்பரேச்சர் தெரியல," என்றேன், சரளமாக. அம்மா, "எனக்கு சிவப்பாத் தெரிஞ்சுது. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு நெனச்சேன்," என்றாள். நீ என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சண்டைக்கு வந்திருப்பேன், அது உனக்குத் தெரிந்திருக்கிறது. "எஞ்சின மெக்கானிக் பாக்கட்டும். மீட்டர நான் பாக்கறேன்," என்றாய்.

இந்த வீட்டில் கழிந்த அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்க மாட்டேன். பல் டாக்டருக்குப் படிக்க வைத்தால் காரைப் பிரிக்கிறாளே என்று கேலி செய்துகொண்டு பக்கத்திலேயே நின்றேன், உண்மையில் எனக்குப் பயம். மீட்டர் தெளிந்துவிட்டால் நான் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அதனால், "பழைய வண்டிம்மா, இதெல்லாம் சரி வராது" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். நீ காதில் வாங்கவில்லை. நாலு ஸ்க்ரூவை எடுத்து, பின்னால் கையை விட்டு ஸ்பீடா மீட்டர் கேபிளைத் திருகி, வாய்க்குள் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை டாஷ்போர்டுக்குப் பின்னால் நுழைத்துப் பார்த்து, ஒரு கம்பி அறுபடாமல் பெட்டியை வெளியே எடுத்தாய். பல்லைக் குடையும் கொக்கியால் என் சிலிக்கான் பசையை இழை இழையாகச் சுரண்டினாய்.

"இந்த ஓட்டைய யாருப்பா அடைச்சது?"

"நான்தான்."

"உள்ள இருக்கற சூட்டுக் காத்து போய் வரதுக்குத்தான் இந்த ஓட்டையே வச்சிருக்கான். பல்லுல குழி அடைக்கறதுக்கு முன்னாடி நாங்க நல்லா காத்தடிச்சு உலர்த்துவோம்பா. ஈரத்தோட அடைச்சா மேல அழகா இருக்கும், உள்ளேயே சொத்தை ஓடும்."

வெயிலில் வைக்கலாமே என்றேன். பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்று ஹாலில் ஃபேனுக்கு அடியில் என் பழைய வேட்டியை விரித்து வைத்தாய். ஒரு வாரம் நாம் எல்லாரும் அதைச் சுற்றி நடந்தோம். தவிட்டைக்கூட முள்ளில் கை படாமல் எடுத்துவிட்டாய். இரண்டாவது ஞாயிறு அதைத் திரும்ப மாட்டியதும் விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். நீ முடியவில்லை என்றாய். "ஈரத்த எடுத்தாச்சு. ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாக்கலியே." முன்சீட்டுக்கு அடியில் இருந்த விரிப்பைத் தூக்கி அடியில் இருந்த பஞ்சை அழுத்தினாய். விரலுக்கு நடுவில் தண்ணீர் வந்தது. நான் மூன்று மழைக்காலமாக மீட்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் என் காலடியில் இருந்திருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு என்னை வெளியே நின்று முன்கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு நீ உள்ளே கவிழ்ந்து படுத்துப் பார்த்தாய். வைப்பருக்கு அடியில் கறுப்பாக ஒரு சல்லடை இருக்கிறதே, அங்கே விழும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே வடிந்துவிட வேண்டும். வடியவில்லை. தேங்கி, காற்று வரும் வழியாகக் காருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நீ சல்லடையைக் கழற்றிக் கையை விட்டாய். கறுப்பாக, கூழாக, இரண்டு கைப்பிடி வந்தது. அதைத் தரையில் போட்டுப் பிரித்துப் பார்த்தபோது சாமந்திக் காம்பு, துளசித் தண்டு, வாழைநார்.

வெள்ளிக்கிழமை அம்மா வைப்பர் ஓரத்தில் சொருகும் சரம் மறுநாள் காலை வாடிவிடும். சாமிக்கு வைத்த பூ கால்படுகிற இடத்தில் விழக்கூடாது. "காஞ்சதைத் தென்னமரத்தடியில போட்டுருங்க" என்று அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். தென்னை மரம் கொல்லையில் இருக்கிறது. வண்டி கழுவுகிற அவசரத்தில் அத்தனை தூரம் நடக்கச் சோம்பல்பட்டு, கால் படாத இடமாகப் பார்த்து அந்தச் சல்லடை இடுக்கில் உதிர்த்துத் தள்ளிவிடுவேன். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி இல்லை, வண்டி வந்த நாளிலிருந்து. எவ்வளவு புத்திசாலி நான் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா காபியோடு வந்தாள். கீழே கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். "இது நான் வச்ச பூவா?" என்றாள். நீ, "ஆமாம்மா, ஆனா" என்று ஆரம்பித்தாய். அவள் நிறுத்தவில்லை. "அப்ப இதாலதானே தண்ணி உள்ள வந்தது? தண்ணியாலதானே ஆவி படிஞ்சது? ஆவியாலதானே அப்பாவுக்கு முள்ளு தெரியல?" என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போனாள். "அப்ப அன்னைக்கு பஸ்ஸு அவ்ளோ கிட்ட வந்ததுக்கு நான்தான் காரணம்." அந்த வரிசையில் ஒரே ஒரு கண்ணிதான் பொய். அதை அறுக்க வேண்டியவன் நான். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, ஆறிப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் உள்ளே போனதும் நீ என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னாய். சாவியைத் திருப்பினேன். "பெட்ரோல் எவ்ளோ இருக்குப்பா?" என்றாய், ஏதோ பொதுவாகக் கேட்பதுபோல. முந்தின நாள் நான் போட்டிருந்தேன், அதனால் தைரியமாக, "முக்காலுக்கு மேல," என்றேன். அன்று காலை நீ லால்குடி வரை போய் வந்ததும், போவதற்கு முன் என்னைச் சோதிப்பதற்காகத் தொட்டியில் பாதியை எடுத்து ஸ்கூட்டருக்கும் மெக்கானிக்குக்கும் கொடுத்ததும் எனக்குத் தெரியாது. முள் கீழே கிடந்திருக்கிறது. நீ திருத்தவில்லை. "எனக்கு நாளைக்கு கண்ணு செக்கப் இருக்குப்பா, கிளினிக்குக்கு எதிர்லதான். துணைக்கு வரீங்களா?" என்றாய்.

அங்கே வரவேற்பில் இருந்த பெண் யாருக்கு என்று கேட்டாள். "ரெண்டு பேருக்கும்," என்றாய். முதலில் நீயே போய் அந்த இயந்திரத்தில் தாடையை வைத்து உட்கார்ந்தாய், உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தே. அடுத்து நான் உட்கார்ந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு சார். இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்றார். நான் உன்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இப்பதான் லேசா ஆரம்பிச்சிருக்காம்" என்றேன். அதையும் நீ கேட்டுக்கொண்டிருந்தாய். முன்னதாக ஆட்டோ காவிரிப் பாலத்தில் வந்துகொண்டிருந்தபோது நீ ஆற்றைப் பார்த்தபடி சொன்னது இது: "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்பா. அது நீங்க சொல்ல வேண்டியது." அதற்குப் பிறகு பத்து மாதத்தில் ஒரு நாள்கூட நீ அதை ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆகி, இப்போது நான் மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படிக்கிறேன். கட்டுப் பிரித்ததும் முதலில் தெரிந்தது உன் அம்மாவின் முகத்தில் எத்தனை சுருக்கம் விழுந்துவிட்டது என்பது.

உன் படிப்பைப் பற்றி ஊரெல்லாம் நான் பீற்றிக்கொள்வது உனக்குத் தெரியும், கூச்சப்படுவாய். ஆனால் நான் உண்மையில் பெருமைப்படுவது வேறொன்றுக்கு. ஒரு பெரிய மனுஷனின் பொய்யைக் கண்டுபிடித்த பிறகும் அவன் மானத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாய். எனக்கு உன் வயதில் அது வரவில்லை, இந்த வயதிலும் வரவில்லை. என் வகுப்பில் தப்பாகச் சொன்னவனை நான் பெஞ்சு மேல் ஏற்றினேன். நீயோ, தப்பாகச் சொன்ன என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கண்ணையும் காட்டினாய். மலையில் உன்னிடம் வருகிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். வலி நேற்றுதான் ஆரம்பித்தது என்பார்கள், ஒரு வருடமாகத் தவித்திருப்பார்கள். என்னைப் பார்த்த மாதிரியே அவர்களையும் பார். அப்பனுக்கு மகளைப் பற்றி இதைவிடப் பெரிதாக எழுத எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

குன்னூரில் காலை நேரம் குளிர் கடிக்கும், ஆவி நிச்சயம் திரும்பி வரும். வந்தால் பதறாதே. ஏ.சி.யையும் சூட்டையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று வருகிற பக்கம் குமிழைத் தள்ளிவை. உள்காற்றையே சுற்றவிட்டால் உன் மூச்சும் சேர்ந்து படியும். நனைந்த குடையையும் ஸ்வெட்டரையும் காருக்குள் காயப்போடாதே, நீ செய்வாய், எனக்குத் தெரியும். யூகலிப்டஸ் இலை வைப்பருக்கு அடியில் நிறையச் சேரும், வாரம் ஒரு தடவை கையை விட்டு எடு. மாதம் ஒரு தடவை விரிப்பைத் தூக்கி உள்ளங்கையால் அழுத்திப் பார், கண்ணை நம்பாதே. அந்தச் சின்னத் துளையை எந்த மெக்கானிக் அடைக்கிறேன் என்றாலும் விடாதே. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். திரும்ப உனக்கே பாடம் நடத்துகிறேன், பழக்க தோஷம்.

இன்று புதன்கிழமை. காலை பத்து மணிக்குச் சொல்லிவிட்டேன்.

அம்மா ஹாலில் உட்கார்ந்து உனக்கு இட்லிப்பொடி பாட்டிலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எனக்குக் கண் தெரியவில்லை என்பது சமயபுரம் போவதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்குத் தெரியும், முள் தெரியாததற்கு ஆவி காரணம் இல்லை, அவள் வைத்த பூவும் காரணம் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள்.

"பூவை அதுக்குள்ள தள்ளுனது யாரு?"

"நான்தான்."

"தென்னமரத்தடியில போடச் சொன்னேனே."

"ஆமாம்."

"அன்னைக்கு முள்ளு சிவப்புல இருந்தது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியல."

பாட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்லிக்கிட்டே வந்திருப்பேனேங்க. பாத்துச் சொன்னேனே. நீங்கதானே பேசாம வான்னீங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மத்தியானம் சாதம் போட்டாள், ரசம் ஊற்றினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோபம் நியாயம், அது எத்தனை நாள் இருக்குமோ இருக்கட்டும்.

சற்று முன் வந்து கதவருகில் நின்றாள். "நாளைக்கு முன்சீட்டுல நான் உக்காரறேன். அவளுக்கு மலை ரோடு புதுசு. ரோட்டப் பாத்து ஓட்டட்டும், முள்ளு எங்க நிக்குதுன்னு நான் பாத்துச் சொல்லிக்கறேன். நீங்க பின்னாடி மூட்டையோட உக்காருங்க," என்றாள். சரி என்றேன்.

ஆகவே நாளைக்கு மேட்டுப்பாளையம் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்ததும், பின்னாலிருந்து நான் என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம். அம்மா சிவப்பு என்றால் சிவப்புதான். உடனே ஓரம் கட்டிவிடு.

அப்பா